தட்டு அளந்த இசை

சென்ற திங்கள் என் இல்லத்தில் இரு இளைஞர்களிடையே ஒரு வாக்குவாதம் மூண்டது. இருவரும் கல்லூரி மாணவர்கள். இருவரும் மேல்நாட்டுத் திரைப்படங்களின் பின்னணி இசையில் தோய்ந்தவர்கள். ஒருவர் கையில் 'ஏலியன்' என்னும் ஆங்கிலப் படத்தின் இசை அடங்கிய இரண்டு குறுந்தகடுகள் இருந்தன. "இதன் பழைய தட்டு முப்பத்தைந்து நிமிடந்தான் ஓடும், கேட்க வேண்டியதெல்லாம் அதிலேயே இருந்தது. இப்பொழுது இரண்டு தகடு நிறையத் தருகிறார்கள். பாதி நேரம் காற்று ஊளையிடுவதுபோல் ஏதோ முனகிக்கொண்டே இருக்கிறது" என்றார் அவர். மற்றவருக்குச் சினம் வந்துவிட்டது. "அந்த முனகல்தானடா படம்! நீ தேடுவது மெட்டை, இசையை அன்று" என்றார். தேநீர் ஆறிப்போயிற்று, வழக்குத் தீரவில்லை.

இவ்வழக்கு என் வீட்டுத் திண்ணையோடு முடிவதன்று. திரை இசையை விரும்பிச் சேர்ப்போர் உலகெங்கும் இதனையே ஆண்டுக்கணக்காக வாதித்து வருகின்றனர். இசைத்தட்டு எவ்வளவு நேரம் ஓடவேண்டும்? மெட்டு இல்லாமல், சூழ்நிலையை மட்டும் உணர்த்தி மெல்ல ஊர்ந்து செல்லும் இசையைத் தட்டில் ஏற்ற வேண்டுமா? கேட்பதற்கு இவை சுவை பற்றிய வினாக்களாகத் தோன்றும். ஆனால் இவற்றில் பாதியை நம்முடைய காதுகள் தீர்மானிக்கவில்லை. அரக்கும் பிளாஸ்டிக்கும் தீர்மானித்தன, ஊதியக் கணக்குகளும் தீர்மானித்தன என்பதே என் கருத்து. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1933 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'கிங் காங்' என்னும் படம் வெளிவந்தது. அதற்கு இசை அமைத்தவர் வியன்னாவில் பிறந்த மாக்ஸ் ஸ்டைனர். பேசும் படங்கள் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தலைப்பு இசை முடிந்தபின் நியூயார்க் நகரத்துக் காட்சிகளில் பின்னணி இசையே இல்லை. கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து, அறியாத தீவை அணுகும்போதுதான் அது தொடங்குகிறது. யாழை ஒத்த ஹார்ப்பும் தாழ்ந்த தந்திகளும் மெதுவாக அசைகின்றன. மெட்டு என்று பாடிக் காட்ட அங்கே ஒன்றும் இல்லை. ஆயினும் நாம் உலகியல் வாழ்விலிருந்து கனவுக்குள் சென்றுவிட்டோம் என்பதை அந்த இசைதான் சொல்கிறது. ஆகவே, சூழல் இசை என்பது மின்னணுக் கருவிகள் வந்தபின் புகுந்த புதுமை என்று எண்ணுவது தவறு. திரை இசை பிறந்தபோதே அதுவும் உடன் பிறந்தது.

அந்த இசையை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழி உண்டா? அக்காலத்து அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். பன்னிரண்டு அங்குலமானால் நான்கு, ஐந்து நிமிடம். மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டு அழகாக அடங்கும், பனிமூட்டம் அடங்குமா? இதனால் பாடல்களே தட்டேறின. 1938 இல் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தின் ஒலிப்பதிவிலிருந்தே எடுத்து மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். அதுவும் பாடல் தொகுப்பே. நான்காண்டு கழித்து 'ஜங்கிள் புக்' படத்துக்கு ஹங்கேரியரான மிக்லோஷ் ரோஷா அமைத்த வாத்திய இசை தட்டில் வந்தபோது, வெறும் இசையை யார் வாங்குவார் என்ற ஐயம் விற்பனையாளருக்கு இருந்திருக்க வேண்டும். ஏனெனில் இசைக்கு நடுவே கதை சொல்ல ஒரு குரலையும் சேர்த்தனர். அக்குரலுக்கு உரியவர் படத்தில் மோக்லியாக நடித்த சாபு, மைசூர் நாட்டு யானைப் பாகன் ஒருவரின் மகன்.

நம் நாட்டிலும் நிலை இதுவே. தமிழ்ப் படங்களின் தட்டு என்றால் பாட்டுத் தட்டுத்தான். பின்னணி இசை கொட்டகையிலேயே தங்கிவிட்டது. சிறுவயதில் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்கும்போதுதான், உரையாடல் ஓய்ந்த இடங்களில் வீணையும் வயலினும் தனியே என்ன செய்கின்றன என்பதை நான் முதன்முதலில் கவனித்தேன். அதனைத் தனியாகக் கேட்க வேறு வழி எனக்கு அன்று கிடைக்கவில்லை.

1948 இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். இரு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடத்தை ஒட்டியது. இனி முழு இசையும் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். இங்கே கதைக்குள் இன்னொருவர் வருகிறார்; அவர் வாசிக்கும் கலைஞர்.

வானொலி நிலையங்கள் இசைக்குழுக்களை அமர்த்துவதற்குப் பதிலாகத் தட்டுகளைச் சுழலவிடத் தொடங்கியதும், தாம் வாசித்த தட்டே தம் பிழைப்பைக் கெடுப்பதை அமெரிக்கக் கலைஞர்கள் கண்டனர். 1942 ஆகஸ்டு முதல் நாள் அவர்களுடைய கூட்டமைப்பு, ஜேம்ஸ் பெட்ரில்லோ என்பவர் தலைமையில், தட்டுகளுக்கு வாசிப்பதையே நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனங்கள் இணங்கி வர 1944 நவம்பர் ஆயிற்று. விற்கும் தட்டுகளிலிருந்து ஒரு பங்கு கலைஞர் நிதிக்குச் சேரலாயிற்று. படத்துக்கென வாசித்ததைத் தட்டாக விற்பதற்கும் சங்கத்தின் விதி உண்டு: வாசித்தவர்களுக்கு மீண்டும் ஊதியம் தரவேண்டும். எண்பது பேர் வாசித்திருந்தால் எண்பது பேருக்கும் தரவேண்டும். நிமிடம் கூடினால் தொகையும் கூடும்.

இவ்விதியை ஏசுகின்ற இரசிகர்கள் பலர். நான் ஏசமாட்டேன். உழைப்பை இருமுறை விற்பவர் இருமுறை கூலி தருவதில் அநீதி என்ன? ஆயினும் அதன் விளைவைக் காண வேண்டும். 1982 இல் குறுந்தகடு பிறந்து 74 நிமிடத்துக்கு இடம் கொடுத்த பின்னரும், லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான படங்களின் இசை முப்பது நிமிடத் தகடுகளாகவே வந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் வெற்றிடம்! வாங்கியவர் முணுமுணுத்தார், வெளியிட்டவர் கணக்கைக் காட்டினார். முப்பது நிமிடந்தான் என்றால் எதை விடுவது? மெட்டுள்ளதை யாரும் விடார். ஊர்ந்து செல்லும் இசையே முதலில் வெட்டுண்டது. இவ்வாறு பல ஆண்டுகள் பழகிய காதுதான், அவ்விசையை 'வெறும் நிரப்பு' என்று இன்று தள்ளுகிறது.

சங்கத்துக்கும் சூழல் இசைக்கும் இன்னொரு வேடிக்கையான தொடர்பும் உண்டு. 1956 இல் வந்த 'ஃபார்பிடன் பிளானட்' படத்தின் ஒலிகள் முழுவதையும் லூயி பேரன், பெபே பேரன் என்னும் தம்பதியர் தாமே அமைத்த மின்சுற்றுகளால் உண்டாக்கினர். அதனை 'இசை' என்று திரையில் போட்டால் கலைஞர் சங்கத்தோடு வழக்கு வரலாம் என்று அஞ்சி, 'மின்னணுத் தொனிகள்' என்று பெயரிட்டனர். இது இசைதானா என்று இரசிகர்கள் வாதிடுமுன்பே அதற்குச் சட்ட அச்சம் விடை எழுதிவிட்டது. அந்தத் தொனிகள் தட்டாக வெளிவர இருபது ஆண்டு சென்றது. அதனையும் அத்தம்பதியரே வெளியிட வேண்டியதாயிற்று.

இனி நம் இளைஞர்களின் 'ஏலியன்' படத்துக்கு வருவோம். 1979 இல் வந்த அப்படத்துக்கு இசை அமைத்தவர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித். இசை லண்டனில் பதிவாயிற்று. ஆகவே அமெரிக்கச் சங்கத்தின்மேல் பழி போட இயலாது. சங்கு, பாம்புபோல் வளைந்த பழைய ஊதுகருவி, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ ஆகியவற்றை முழக்கி, எதிரொலிக் கருவியின் வழியே செலுத்தி, வெறுமையான விண்வெளிக்கு ஒரு குரலைத் தந்தார் அவர். ஆனால் முகப்புக்கு அவர் முதலில் எழுதியது இனிய, ஏக்கம் ததும்பும் ஓர் இசை. இயக்குநர் ரிட்லி ஸ்காட் அதனை ஏற்கவில்லை; வேறொன்று எழுதித் தந்தார். படத்தொகுப்பில் இன்னும் பல மாறின. கோல்ட்ஸ்மித்தே 1962 இல் 'ஃபிராய்டு' என்ற படத்துக்கு எழுதிய பகுதிகளைச் சில காட்சிகளில் ஒட்டினர். முடிவில் ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பனியை வைத்தனர். பிறகு தட்டு வந்தபோது அதில் முதலில் ஒலித்தது எது தெரியுமா? இயக்குநர் தள்ளிய அந்த இனிய முகப்பிசை!

ஆகவே பழைய தட்டை வாங்கியவர் படத்தில் இல்லாததைக் கேட்டார். படத்தில் இருந்த பலவற்றைக் கேட்கவில்லை. 2007 இல் இரண்டு தகடுகளாக எல்லாம் வெளிவந்த பின்னரே, இசையமைப்பாளர் என்ன எண்ணினார், இயக்குநர் எதை மாற்றினார் என்பது பிறருக்கும் விளங்கியது. தட்டின் சுருக்கம் கலைஞரின் விருப்பமாகவும் இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. 1977 இல் 'ஸ்டார் வார்ஸ்' இசையை இரண்டு எல்.பி. தட்டுகளில் தந்த ஜான் வில்லியம்ஸ், படத்தின் வரிசையைக் கலைத்துக் கேள்விக்கு இனிய வரிசையாக மாற்றினார். அது கச்சேரி. முழுத்தொகுப்போ ஆவணம். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொன்று அதுவாக இல்லையே என்று குறை கூறுகிறோம்.

என் சார்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுத் தொகுப்புகளில் பலவற்றை நான் இரண்டாம் முறை கேட்டதில்லை. ஆயினும் 'சைக்கோ' என் எண்ணத்தை மாற்றியது. 1960 ஆம் ஆண்டுப் படம். பெர்னார்ட் ஹெர்மனின் இசை. தந்தி வாத்தியங்கள் மட்டும். குளியலறைக் கொலையில் வயலின்கள் கீச்சிடுவதை அறியாதார் இலர். 1975 இல், தம் வாழ்வின் இறுதி ஆண்டில், ஹெர்மன் லண்டனில் அவ்விசையை முழுமையாக மீண்டும் பதிவு செய்தார். அதைக் கேட்டால், கீச்சொலி சிறு பொழுதே வருகிறது. எஞ்சியவை பெரும்பாலும் தாழ்ந்து, தயங்கி, ஓரிரு சுரங்களிலேயே சுற்றுபவை. அந்த நீண்ட தயக்கத்தைக் கடந்து வருவதால்தான் அலறல் நெஞ்சைப் பிளக்கிறது. அலறலை மட்டும் வெட்டித் தட்டில் வைத்தால் அது வெறும் ஓசை.

இதில் இன்னொரு பெரிய இழப்பும் அடங்கியிருக்கிறது. 1960களின் இறுதியை ஒட்டி, எம்.ஜி.எம். படநிறுவனம் தன் இசை நூலகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த இசைக்குறிப்பு ஏடுகளைப் பெருமளவில் குப்பையாகக் கழித்துப் பள்ளத்தில் போட்டு மூடிவிட்டது. படம் முடிந்தபின் இவை எதற்கு என்பதே அவர்கள் எண்ணம். பின்னாளில் ஜான் வில்சன் என்னும் ஆங்கிலேய இசை நடத்துநர், எஞ்சிக் கிடைத்த சுருக்கப் படிகளை வைத்துக்கொண்டு, படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டு, உரையாடலுக்கும் காலடி ஓசைக்கும் அடியில் புதைந்த வாத்தியங்களைக் காதால் பிரித்து, ஒவ்வொரு சுரமாக எழுதினார். 2009 இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவ்விசை மீண்டும் முழங்கிற்று. 'கிங் காங்' இசையையும் ஜான் மார்கன் என்பவர் சீரமைத்துத் தர, 1996 இல் மாஸ்கோ இசைக்குழு அதனைப் பதிவு செய்தது. அந்தத் தகட்டில் மூடுபனியும் இருக்கிறது.

அன்று சினந்து பேசிய இளைஞர் போகும்போது நண்பரிடமிருந்து 'ஏலியன்' தகடுகளை வாங்கி என்னிடமே விட்டுச் சென்றார். நேற்றிரவு விளக்கணைத்துவிட்டுக் கேட்டேன். சங்கு ஒலிக்கும் இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாம் தகடு இன்னும் பாக்கியிருக்கிறது.