சேஃபர்

அமெரிக்க லாரி, பேருந்து நிறுவனங்களின் பதிவு நிலையையும் பாதுகாப்பு வரலாற்றையும் எவரும் கட்டணமின்றிச் சரிபார்க்க உதவும் அரசு மின்னணுப் பதிவேடு. அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின்கீழ் 2000 ஜனவரி 1 முதல் இயங்கும் எஃப்எம்சிஎஸ்ஏ என்னும் கூட்டாட்சி அமைப்பு இதைப் பராமரிக்கிறது.

தேடல்: நிறுவனப் பெயர், யுஎஸ்டாட் எண் (நிறுவன அடையாள எண்), எம்சி எண் (இயக்க உரிம எண்) ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டு தேடலாம். மாநில எல்லை கடந்து ஓடும், மொத்த எடை வரம்பு 10,001 பவுண்டு (சுமார் 4,536 கிலோ) அல்லது அதற்கு மேற்பட்ட வணிக வாகனங்களை இயக்குவோர் யுஎஸ்டாட் எண் பெற வேண்டும்; தம் விவரங்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

உள்ளடக்கம்: முகவரி, வாகன, ஓட்டுநர் எண்ணிக்கை, சரக்கு வகை, இயக்க உரிமம், முந்தைய 24 மாதச் சாலைச் சோதனைகள், அவற்றில் ஓட்டத் தடை பெற்றவற்றின் விகிதம், விபத்துகள். விபத்துப் பதிவு யார்மீது தவறு என்பதைக் குறிப்பதில்லை.

தரநிலை: தணிக்கைக்குப்பின் நிறைவானது, நிபந்தனைக்குட்பட்டது, நிறைவற்றது என மூவகை. தணிக்கைக்கு உள்ளாகாத நிறுவனங்களுக்குத் தரநிலை இராது.

வரலாறு: 2010இல் புதிய பாதுகாப்பு அளவீட்டு முறை அறிமுகமானது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறை தந்த சரக்கு நிறுவனங்களின் ஒப்பீட்டுத் தரவரிசையைப் பொதுப்பார்வையிலிருந்து நீக்கியது.

பயன்: சரக்கு அனுப்புவோர், தரகர்கள், காப்பீட்டாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோர் ஒப்பந்தத்துக்கும் வழக்குக்கும் முன் இதைப் பார்க்கின்றனர்.