கணக்கப்பிள்ளை வாங்கிய ஏச்சு

என் தாத்தா இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று ஆட்களை மலைக்கு அனுப்ப வேண்டும். வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலில் ஒரு பேர் பிசகினாலும், உதவி நிர்வாகியான சின்னத்துரை எல்லார் முன்னாலும் ஏசுவார். அந்த ஏச்சைத் தாத்தா, ஆட்களை வேலை வாங்கும் கங்காணிக்குக் கொடுப்பார். கங்காணி கொழுந்தெடுக்கும் பெண்கள்மேல் இறக்குவார். அவர்களுக்குக் கீழே யாருமில்லை. அதனால் தாத்தாவுக்காக நான் முழுசாகப் பரிதாபப்படுவதில்லை.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே கங்காணி முறை இருந்தது. கங்காணிக்கு, வேலைக்கு இறங்கும் ஆளுக்கு இவ்வளவென்று தலைக்காசு. ஆளின் கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921இல் துண்டு சட்டப்படி ஒழிந்தது. ஏச்சை ஒழிக்க எவரும் சட்டம் போடவில்லை.

வெகுகாலம் தொழிலாளர் பாட்டில்தான் பதில் சொன்னார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களில் கங்காணி படும் பாடு கொஞ்சமல்ல! பிறகு சங்கங்கள் வந்தன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். சங்கம் வலுத்தபின் லயங்களில் குடியிருந்த ஆட்கள் நேருக்கு நேர் கேட்டார்கள், கேட்கவும் வேண்டும். மேலிருந்து ஏச்சு, கீழிருந்து கேள்வி. தாத்தா அந்தியில் வீட்டுக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார். "பேச்சையெல்லாம் மலையிலயே செலவழிச்சிட்டு வந்திர்றாரு" என்பாள் பாட்டி.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரர் போனார்கள். புதிதாக வந்த உள்ளூர் அதிகாரியையும் 'துரை' என்றே கூப்பிட்டோம், அவரும் மறுக்கவில்லை.