கந்தோர் வீடான கதை

அலுவலகத்தை அப்பா 'கந்தோர்' என்பார். லண்டனுக்கு வடக்கே ஹார்லோ நகரில், 1960களில் கட்டிய 'டெர்மினஸ் ஹவுஸ்' என்ற பெரிய கந்தோர்க் கட்டடம் 2018இல் குடியிருப்பாக மாறியது. அதற்கு வழிவிட்டது 2013இல் வந்த விதி. கந்தோரை வீடாக்க வழக்கமான திட்ட அனுமதி தேவையில்லை என்றது அது. அதனால் குறைந்த வாடகை வீடுகளையும் தரவேண்டும் என்று நகரசபையால் கட்டாயப்படுத்த முடியவில்லை. லண்டன் நகரசபைகள் வீடற்ற குடும்பங்களை அங்கே அனுப்பின. சில வீடுகள் 18 சதுர மீட்டர்தான்.

எங்கள் வீட்டு ஹோலை அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குள் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம்!

ஆகக் குறைந்தது 37 சதுர மீட்டர் என்ற அளவு, 2021 ஏப்ரலில்தான் இப்படி மாற்றும் வீடுகளுக்கும் கட்டாயமானது.

உங்கள் ஊரில் பூட்டிய கந்தோர் வீடாகும்போது, எத்தனை வீடு என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு இடம், என்ன வாடகை என்றும் கேளுங்கள்.