மூன்று மாதக் கெடு

நேற்று பக்கத்துத் தெரு தம்பி ஒருவர் கையில் ஃபைலோடு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு சான்று வேண்டுமாம், அதுவும் தேதிக்குள். காலையில் தபால் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்ட் போட்டுவிட்டு வந்தோம். வரிசையில் நிற்கும்போது எனக்கு 1951 தான் நினைவுக்கு வந்தது. எடமலைப்பட்டி புதூரில் பாடம் நடத்திய காலத்தில், சிலோன் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் படித்தார்கள்.

இலங்கைத் தோட்டத் துரைமார் ஆள் பிடிக்கும் ஆபீஸை 1904-ல் நம்ம திருச்சியில்தான் திறந்தார்கள். சிலோன் லேபர் கமிஷன் என்று பெயர். துறையூர், முசிறி, சேலம் பக்கமிருந்து ஜனங்கள் கங்காணி பின்னால் போனார்கள். அப்போது எண் பொறித்த தகர வில்லையே அடையாளம். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

சுதந்திரம் வந்ததும் கேட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949-ல் இன்னொரு சட்டம்: இந்திய, பாகிஸ்தானியர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம், கடைசி நாள் 5 ஆகஸ்ட் 1951. கல்யாணமானவர் 1946-க்கு முன் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு தடவை ஊருக்குப் போய் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவி, பிள்ளைகளும் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது. (தப்பான கணக்கு என்பது என் எண்ணம். பாதிக் காலம் அதிலேயே போயிற்று.) பிறகு மனம் மாறி, கடைசி மாதங்களில் ஒரே ஓட்டம். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், 8 லட்சம் பேருக்கு மேல். கெடுவைத் தவறவிட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லவே முடியாது.

சிக்கல் அதன் பிறகுதான். சான்று போதாது என்று கமிஷனருக்குத் தோன்றினால் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கையில் கிடைத்த தேதியிலிருந்து அல்ல!

என் மாணவன் ஒருவனின் தாத்தா சொன்னது இது. தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் ஒரே பையில் ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அவர் அப்பாவுக்கு வந்த நோட்டீஸ் கைக்கு வரவே மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மா யுத்த காலத்தில் பிரசவத்துக்குத் துறையூர்ப் பக்கம் போனவர், எத்தனை மாதம் அங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி. படிக்கத் தெரியாது. கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, ஊர் முன்சீப்புக்குக் கடிதம் எழுதி, அது தலைமன்னார், தனுஷ்கோடி கடந்து வந்து, முன்சீப் மனசு வைத்து, பதில் அதே வழியில் திரும்பிப் போய், கெடுவுக்கு நாலு நாள் முன்னால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் முன்சீப் வருஷத்தை எழுதியிருந்தார், மாதத்தை எழுதவில்லை. நிராகரித்துவிட்டார்கள்.

விண்ணப்பித்தவர்களில் கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டும். மிச்சப் பேரின் தலைவிதியை 30 அக்டோபர் 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தமாக எழுதினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேர் கணக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். தாத்தா குடும்பம் முதல் கணக்கில் வந்தது. குடும்ப அட்டையோடு மண்டபம் இறங்கினார்கள். எண்பதுகளில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் விமான நிலையம் பக்கம் கொட்டப்பட்டு முகாமிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் பலருக்குக் காகிதப் பிரச்சினை இன்னும் ஓயவில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போனார்கள்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பதிவுத் தபால் ரசீது இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். வீடு மாறும்போது எங்கோ போய்விட்டதாம். உங்கள் வீட்டில் 1950-களின் இப்படிப்பட்ட நோட்டீசோ ரசீதோ பழைய செக்ரோல் துண்டோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.