செத்தல் மூட்டையும் தேயிலைக் கோப்பையும்

அக்கா மகள் வெள்ளவத்தையில் இருக்கிறாள். தைப்பொங்கலுக்கு மறுநாள் மடிக்கணினியும் கையுமாகக் கொம்பனித்தெருவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். "மாமா, நான் ஒரு வெப்சைட் தொடங்கப் போறன். ஆற்றையோ சாமானைப் பற்றி நான் எழுதுறது, என்ர இணைப்பை அமத்தி ஆரும் வாங்கினால் எனக்குக் கொமிஷன். எந்தச் சாமானை எடுக்கிறது எண்டதுதான் பிடிபடேல்லை."

அவள் கொண்டுவந்த தாளில் ஒரு பட்டியல் இருந்தது. கைத்தொலைபேசி, உடம்பு மெலிகிற மாத்திரை, கடன் அட்டை, நாய்க்குட்டித் தீன். இவற்றில்தான் காசு கூட என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதில் எந்தச் சாமானை நீ கையால் தொட்டுப் பழகியிருக்கிறாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினேன். அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இணைப்புக்குக் கொமிஷன் தருகிற இந்த ஏற்பாட்டை அமேசான் நிறுவனம் 1996இல் தொடங்கியது. அடுத்தவன் சரக்கை விற்றுக் கொடுத்து அதில் ஒரு பங்கை எடுப்பது எங்கள் குடும்பத்துக்கு அதற்கும் முந்திய தொழில். அப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு கொமிஷன் கடையில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து பிறகு பங்குக்காரர் ஆனவர். நான் இருபத்தெட்டு வருடம் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் ஏலப் பட்டியல் தயாரித்தவன். நாங்கள் குடியிருக்கிற தெருவின் பெயரிலேயே கொம்பனி இருக்கிறது. ஒல்லாந்தக் கொம்பனிக்காரர் அடிமைகளைப் பேறை வாவிக் கரையில் வைத்திருந்த இடம் என்பதால் ஆங்கிலத்தில் இதற்கு அடிமைத் தீவு என்ற பெயர் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு பிரித்தானியர் காலத்தில் மலாய்ச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களுடைய ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்கள் மிஞ்சின.

சிப்பாய்கள் போன பிறகும் தரகர்கள் இருந்தார்கள். மலையிலிருந்து இறங்குகிற சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வாவிக்கரை வசதி. அதனால் இந்தக் கரையெங்கும் பண்டகசாலைகள் எழும்பின. 1870இல் ஜோன் என்ற ஆங்கிலேயச் சகோதரர் இருவர் தொடங்கிய தரகுத் தொழில்தான் இன்றைய ஜோன் கீல்ஸ். அதன் தலைமை அலுவலகம் நெடுங்காலம் எங்கள் பக்கத்துக் கிளெனி வீதியில் இருந்தது.

அந்த 1870ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது இலங்கையில் தேயிலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கோப்பிதான் எல்லாம். ஆனால் அதற்கு முந்திய வருடமே கோப்பி இலையில் செம்மஞ்சள் பூஞ்சணம் கண்டாயிற்று. விலை ஏறிக்கொண்டிருந்ததால் யாரும் கையை எடுக்கவில்லை. நோய் வந்த பிறகும் காட்டை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். 1880களில் அது சரிந்தபோது எல்லோரும் ஒருசேரச் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குக் குயினைன் தருகிற மரப்பட்டை. உலகமே காய்ச்சலில் கிடக்கிறது, மருந்துக்கு என்றும் கிராக்கி இருக்கும் என்ற கணக்கு பிழையில்லை. ஓடினவர்களின் தொகையைத்தான் ஒருவரும் எண்ணவில்லை. 1886இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. விலை கவிழ்ந்தது. நட்ட மரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள்.

ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இலிருந்தே லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை வளர்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டு விறாந்தையிலேயே மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகினார். 1873இல் இலண்டனுக்குப் போன அவருடைய தேயிலை வெறும் 23 இறாத்தல். கோப்பியும் சிங்கோனாவுமே பேச்சாக இருந்த காலமெல்லாம் அந்த மனிதர் தேயிலையையும் விடாமல் கையில் வைத்து உருட்டியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நெகிழும். 1883 ஜூலை 30இல் கோட்டை குயின்ஸ் வீதியில் சோமவில் நிறுவனத்தாரின் இடத்தில் கொழும்பின் முதல் தேயிலை ஏலம் நடந்தபோது அவர் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

அப்பாவின் கடைக்கு வருகிறேன். பள்ளி விடுமுறையில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். யாழ்ப்பாணத்து லொறிகள் விடியப் புறமாக வந்து நிற்கும். நாட்டாமைகள் முதுகில் சாக்கைத் தாங்கி இறக்குவார்கள். வெங்காயம், செத்தல் மிளகாய், புகையிலை. சரக்கு கமக்காரனுடையது. விற்றுக் கொடுப்பது கடை. லொறிக் கூலி, நாட்டாமைக் கூலி, கொமிஷன் மூன்றையும் கழித்துச் சிட்டை எழுதி மிச்சக் காசை ஊருக்கு அனுப்ப வேண்டும்.

அப்பா ஒரு செத்தல் மூட்டையைப் பார்க்கிற விதம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மேலே கிடக்கிற மிளகாயை அவர் தொடவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவார். விதை கலகலத்தால் காய்ச்சல் சரி. சத்தம் அமுங்கினால் ஈரம், நிறை கூட்டத் தண்ணீர் தெளித்த சரக்கு. பிறகு ஒன்றைக் காம்போடு முறித்து மணப்பார். அதற்கு மேல் பேச்சில்லை. மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வருகிற சிங்கள முதலாளிமார் மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் அப்பா சொன்ன விலைக்கு ஏற்றிப் போவார்கள். பருப்பு விற்கிற பக்கத்துக் கடைக்காரர், பருப்பிலும் ஒரு கை போடுங்கள் என்று பல தடவை கூப்பிட்டார். பருப்புக்கு என் மூக்கு பழகவில்லை என்று அப்பா மறுத்துவிட்டார்.

புறக்கோட்டை அப்படித்தான் வளர்ந்தது. செட்டியார் தெரு என்றால் நகை, கெய்சர் வீதி என்றால் துணி, கபோஸ் ஒழுங்கை என்றால் நாட்டு மருந்துச் சரக்கு, பழைய சோனகத் தெரு என்றால் இரும்புச் சாமான். கொஞ்சம் தள்ளிப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம். ஒரே சாமானை நூறு கடை விற்கிற தெருவில் புதிதாக ஒருவன் எப்படிப் பிழைப்பான் என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. அந்தத் தெருவுக்குள்ளேயே இன்னும் சின்னதாக ஒரு மூலையைப் பிடிப்பான். பஞ்சிகாவத்தையில் ஒருவர் பிரேக் மட்டும் வைத்திருப்பார், இன்னொருவர் ஒரே ஒரு வகை வானின் கதவும் கண்ணாடியும். வாங்க வருகிறவனுக்கு அந்த மூலைதான் வேண்டும்.

மூலை ஊரிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலைச் சுருட்டைக் கொண்டுபோய்த் தென்னிலங்கைச் சிங்கள ஊர்களில் சுருட்டுக் கடை வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். சுருட்டு ஒரு நாளில் புகைந்து போகும். வாங்கினவன் மறுநாள் திரும்பி வருவான். ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் கிடக்கிற சாமானுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கடைக்காரர்கள் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

சரக்கையும் வாங்குகிறவனையும் அறிந்தால் மட்டும் போதாது என்பதை எங்கள் வீடு 1977இல் படித்தது. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கதவை மூடியது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கமக்காரர் கல்வீடு கட்டிய காலம் அது. அப்பாவும் அடுத்த போகத்துக்கென்று பலருக்கு முற்பணம் கொடுத்திருந்தார். 1977இல் ஜே. ஆர். ஜெயவர்தனா ஆட்சிக்கு வந்து கதவைத் திறந்தார். இறக்குமதிச் செத்தல் வந்து குவிந்தது. அப்பாவின் மூக்கு பிழை விடவில்லை. விலைதான் அவர் கையில் இல்லாமல் போனது. முற்பணம் வாங்கிய கமக்காரரிடம் திருப்பிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடமே கடைப் பங்கை விட்டுக் கொடுத்தார். யாருடைய கதவால் சரக்கு வருகிறது, அந்தக் கதவை யார் மூடலாம் என்பதை முதலில் பார் என்று மருமகளுக்குச் சொன்னது இதை வைத்துத்தான். அமேசான் தன் கொமிஷன் வீதத்தை ஓர் இரவில் குறைத்தால் அவள் என்ன செய்வாள்? ஒரே கடையின் இணைப்பை மட்டும் நம்பி இருக்காதே என்றேன். அதை எழுதிக்கொண்டாள்.

என் தொழிலில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோப்பைகள் நீள மேசையில் வரிசையாக இருக்கும். இலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் மூடி வைத்து வடிப்பார்கள். சுவை பார்ப்பவர் கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு ஒரு சொல் சொல்வார். பக்கத்தில் நிற்கிற நான் எழுதுவேன். நான் சேர்ந்த நாள்களிலும் மூத்தவர்களுக்கு மலையுச்சித் தேயிலைதான் தேயிலை. இரண்டாயிரம் அடிக்குக் கீழே காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்று ஒரு படி கீழே வைத்தே பேசுவார்கள். இலண்டன் விரும்பியது மற்றதை. ஆனால் மத்திய கிழக்குக்காரருக்கு வேண்டியது கறுத்து முறுகிய நீள இலை, சீனிக்கட்டியோடு குடிக்கக் கடுஞ்சாயம். அவர்கள் வாங்கத் தொடங்கியதும் கீழே வைத்த தேயிலை ஏலத்தில் உச்சிக்குப் போனது. இலண்டன் ஏலம் 1998 ஜூனில் மூடப்பட்டது. இன்று நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் அந்தத் தாழ்நிலத்தினுடையது. எல்லோரும் சின்னதாய் எண்ணிய மூலைக்கு ஆள் இருந்தது. எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்த தரகர்களே தலையெடுத்தார்கள்.

ஏலமும் எங்கள் வட்டாரத்தில்தான், நவம் மாவத்தையில் வர்த்தக சங்கக் கட்டடத்தில் நடந்துவந்தது. 2020 ஏப்ரலில் கொவிட் ஊரடங்கின்போது அது கணினிக்குப் போனது. சத்தமும் சுத்தியல் அடியும் நின்றன. மாதிரித் தேயிலை மட்டும் முன்போலவே பொட்டலமாக வாங்குவோர் கைக்குப் போகிறது. கணினியால் மணக்க முடியாது.

அன்று மாலை மருமகளிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே பிழை சொல்லக்கூடிய சாமான் உன்னட்ட என்ன இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் பதினாறு வயதிலிருந்து சட்டை தைக்கிறவள். ரொறன்ரோவிலிருந்தும் அளவு அனுப்பிச் சாரிச் சட்டை தைப்பிக்கிறார்கள்.

"ஊசி" என்றாள்.

கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். தையல் மெஷின் ஊசிகள். பட்டுக்குப் பதினோராம் நம்பர், ஜீன்ஸ் துணிக்குப் பதினாறு. பனியன் துணிக்குக் கூர்முனை ஆகாது, இழையை அறுத்துவிடும், முனை உருண்டது வேண்டும். பார்த்தால் தெரியாது, நகத்தில் உரசிப் பாருங்கள் என்று இரண்டை என் கையில் தந்தாள். வீட்டில் தைக்கிற பெண்கள் பலர் தையல் விட்டுப் போனால் மெஷின் பழுதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். எட்டுப் பத்து மணி நேரத் தையலுக்கு ஒருதரம் ஊசி மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லையாம்.

நான் இரண்டையும் நகத்தில் உரசிப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவள் என் விரலைப் பிடித்து, மெதுவாக, இன்னொரு முறை உரசிக் காட்டினாள்.