குடியுரிமை விசாரணையும் இருப்பிடச் சான்றும்

குடியுரிமை கோருபவர், சட்டம் கேட்கும் காலம் முழுவதும் அந்த நாட்டில் வாழ்ந்தவர் என்பதை விசாரணை அதிகாரியின் முன் மெய்ப்பிக்கும் ஆவணங்களின் தொகுப்பே இருப்பிடச் சான்று. இந்தியாவில் இந்த விசாரணை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்குகிறது. சென்னைக்காரர்களுக்கு அது ராஜாஜி சாலையில், பர்மா பஜார் நீளும் அதே சாலையில், சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. வட சென்னைக்கு இந்தப் பொருளோடு நெருக்கமான உறவு உண்டு. எம்.கே.பி. நகரும் அதை ஒட்டிய பி.வி. காலனியும் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வேரூன்றிய வியாசர்பாடி வட்டாரத்தைச் சேர்ந்தவை. எண்ணூரில் ஒரு பர்மா நகர் இருக்கிறது. வியாசர்பாடிக்குச் சற்று வடமேற்கே, புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. ஒரு நாட்டில் வாழ்ந்தும் அதைத் தாளில் காட்ட முடியாமல் போனவர்களின் வரலாறு இந்தத் தெருக்களுக்குத் தெரியும்.

பர்மாவும் இலங்கையும்

விடுதலை பெற்ற பர்மாவின் அரசியலமைப்பு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பிறந்து பர்மாவில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தது. 1942 ஜனவரி 1-க்கு முந்தைய பத்தாண்டுகளில், அல்லது விடுதலை நாளான 1948 ஜனவரி 4-க்கு முந்தைய பத்தாண்டுகளில், எட்டாண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். முதல் தேதி ஜப்பானியப் படையெடுப்பை மனதில் கொண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சி இந்தியாவுக்கு நடந்தே வந்தவர்களின் இருப்பில் விழுந்த இடைவெளியைச் சட்டம் ஓரளவு புரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் இந்தியர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாமலே இருந்தனர். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையானபோது, அவர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகம் வந்தனர்.

இலங்கையின் கதை இன்னும் கொடியது. இருப்பிடச் சான்று என்ற கருவியை எப்படிச் சுவராக எழுப்பலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழர் வரலாற்றில் இல்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு கதவைத் திறப்பதாகச் சொன்னது. திருமணமானவர் 1939 ஜனவரி 1 முதலும், மணமாகாதவர் 1936 ஜனவரி 1 முதலும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். ஒரு முறை வெளியே சென்றால் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5.

தோட்டத் தொழிலாளியிடம் என்ன இருந்தது? அன்றாட வேலைக்குப் பேர் போடும் செக்ரோல் இருந்தது. ஆனால் அது தோட்டத் துரையின் அலுவலகத்தில் இருந்தது, தொழிலாளியின் கையில் இல்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போனவருக்கு இரண்டு துரைகளின் தயவு வேண்டும். தாய் இறந்ததற்கோ தங்கை கல்யாணத்துக்கோ திருச்சிப் பக்கத்து ஊருக்குக் கப்பலேறியவர், எப்போது திரும்பினார் என்பதற்கும் தாள் காட்ட வேண்டும். சுமார் எட்டு லட்சம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். எஞ்சியோரின் தலைவிதியை 1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம்.

இந்தச் சுவரை இடிக்கவும் ஒரு சட்டமே போதுமானதாக இருந்தது. 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய 35-ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது. பலருக்கு ஓர் உறுதிமொழிப் படிவமே போதுமானதாயிற்று. பத்து நாள் இயக்கத்தில் 1,90,000 பேர் குடிமக்களாயினர். 1951-இல் செக்ரோலைத் தேடி அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் இருந்தனர்.

இந்தியச் சட்டம் ஆண்டுகளை எண்ணும் முறை

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(அ) பிரிவு இந்திய வம்சாவளியினருக்கும், 5(1)(இ) பிரிவு இந்தியரை மணந்தவருக்கும் உரிய பதிவு வழிகள். இரண்டுக்கும் ஏழாண்டு இருப்பு தேவை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் முழுவதும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டாண்டுகளில் ஆறாண்டுகள் இருந்திருந்தால் போதும். அந்தக் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் சிறப்புக் காரணத்துக்காக மொத்தம் 30 நாள் வரை மத்திய அரசு தளர்த்தலாம். ஆறாம் பிரிவின்படி இயல்புரிமை வழியில் விண்ணப்பிப்பவருக்கு அதே பன்னிரண்டு மாதமும், அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் பதினோரு ஆண்டும் வேண்டும். அவருக்கு எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், தமிழே போதும்.

ஆகவே கடைசி ஓராண்டின் சான்றுகளே மிகக் கறாராகப் பார்க்கப்படுபவை. உறவினர் வீட்டு விசேஷத்துக்காகக் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போவதென்றால், அந்த ஓராண்டு முடிந்து விண்ணப்பம் போன பிறகு போவது நல்லது. கனடா ஐந்தாண்டில் 1,095 நாட்களை எண்ணுகிறது. பிரிட்டன் ஐந்தாண்டில் 450 நாட்களுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்கிறது. இந்தக் கணக்கைக் காட்டக் கடவுச்சீட்டின் முத்திரைகள் உதவும். பழைய, காலாவதியான கடவுச்சீட்டைத் தூக்கிப் போடுவது பெரும் இழப்பு.

வாடகை வீட்டின் சிக்கல்

வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாடகைக்கு இருப்பவருக்கு உண்மையான இடர் இங்கேதான். இபி கட்டணம் வீட்டுக்காரர் பெயரில் வரும். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதப்படும், அல்லது வாய்மொழியோடு முடியும். ஏழாண்டில் நான்கு வீடு மாறியவரிடம் இரண்டு வீட்டுக்கு மட்டும் தாள் இருக்கும். விசாரணை அதிகாரியின் கண் ஆவணங்களின் எண்ணிக்கையைவிட இடைவெளியில்தான் முதலில் போய் நிற்கும். எனவே ஒரே ஆண்டுக்குப் பத்து ரசீது சேர்ப்பதைவிட, ஒவ்வோர் ஆண்டுக்கும் வேறு வேறு கைகள் எழுதிய இரண்டு மூன்று தாள்கள் மேலானவை: வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் பதிவுச் சான்றும் தங்கும் அனுமதியின் புதுப்பிப்பும், வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, அரசு மருத்துவமனைச் சீட்டு, மாநகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். ஆதார் இருப்பைக் காட்ட உதவும். அது குடியுரிமைச் சான்று ஆகாது.

பெயர் இன்னொரு பொறி. ஒரு தாளில் தந்தை பெயர் முன்னெழுத்தாக, இன்னொன்றில் குடும்பப் பெயராக, சிங்களத்தில் எழுதிய பிறப்புச் சான்றிலிருந்து மொழிபெயர்த்ததில் வேறு எழுத்தாக இருக்கும். மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் வாங்குவதை, காவல்துறைச் சரிபார்ப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வெள்ளமும் கணக்கில் வர வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது ஆவணங்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் வைத்து நகல்கள் தந்தது. வெளிநாட்டு அரசு தந்த தாளுக்கு அப்படியொரு முகாம் கிடையாது.

இடைத்தரகர் வாங்கித் தரும் வாக்காளர் அட்டையை ஒருபோதும் ஏற்கக் கூடாது. குடியுரிமைக்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 17-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

சான்று இருந்தும் எண்ணப்படாத ஆண்டுகள்

காவாங்கரை போன்ற முகாம்களில் வாழ்பவர்களின் இருப்பை அரசே பதிவு செய்து வந்திருக்கிறது: முகாம் அடையாள அட்டை, மாத உதவித்தொகைப் பதிவேடு, வருவாய்த் துறைக் கணக்கெடுப்பு. இதைவிட இடையறாத சான்று எந்தக் குடிமகனிடமும் இருக்காது. ஆனால் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையைக் கொண்டுவந்தது. முறையான பயண ஆவணமின்றிப் படகில் வந்து இறங்கியவர் எத்தனை ஆண்டு வாழ்ந்ததை நிறுவினாலும், பதிவு வழியும் இயல்புரிமை வழியும் அவருக்கு அடைபட்டுள்ளன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு மட்டும் விலக்களித்தது. இலங்கை அதில் இல்லை. இது அநீதி என்று தயங்காமல் சொல்ல வேண்டும். அதே 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களை ஆட்சியர் வழியாகப் பெற்று மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிட்டார்.

முகாம்வாசிகளில் சிலருக்கு வேறு வழி உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பாலே குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-இல் நீதிமன்றம் இதை ஏற்று இந்தியக் கடவுச்சீட்டு தர உத்தரவிட்டது. அங்கே தீர்மானித்த தாள் பிறப்புச் சான்றிதழ். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணையால் விலக்களித்தது. அவர்கள் இங்கே கழித்த ஆண்டுகளைக் குடியுரிமைக் கணக்கில் சேர்ப்பதற்கான சொல் அந்த ஆணையில் இல்லை.