காங்கேசன்துறைச் சீமெந்தும் கறளின் வரலாறும்

காங்கேசன்துறை என்றதும் யாழ்ப்பாணத்தவர் பலர்க்கு முதலில் நினைவில் எழுவது துறைமுகமோ வெளிச்சவீடோ அன்று, சீமெந்துத் தொழிற்சாலையேயாம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950ஆம் ஆண்டு, அங்கு உற்பத்தி தொடங்கிற்று. இலங்கைத் தீவின் முதற் சீமெந்து ஆலை அதுவே. குடாநாட்டின் அடியிற் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லை அகழ்ந்தெடுத்து, மன்னார்ப் பகுதி முருங்கனிலிருந்து வந்த களிமண்ணோடு சேர்த்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுட்டு, அதனாற் பிறந்த கட்டிகளைச் சிறிது ஜிப்சத்தோடு மீண்டும் அரைத்தாற் கிடைப்பது சீமெந்து. கிணறு வெட்டும் தோட்டக்காரன் சலித்துக்கொண்ட கல், தேசத்தின் செல்வமாயிற்று. நாற்பது ஆண்டுகள் அச்சூளை எரிந்தது. 1990இல் போர் அப்பகுதியைச் சூழ்ந்தபோது மக்கள் ஊரைவிட்டு அகன்றனர், ஆலையும் நின்றது.

இவ்வாலையின் வரலாற்றைக் கூறுவோர், எத்தனை தொன் விளைந்தது, எத்தனை பேர் வேலை செய்தனர், யார் மூடினர் என்று கேட்பர். அவை கேட்கத்தக்க கேள்விகளே. நாம் இங்குக் கேட்க விரும்புவது வேறொன்று: அந்தச் சீமெந்தால் ஓர் ஏழை கட்டிய வீடு எத்தனை காலம் நிற்கும்? இக்கேள்வியை அறிவியலும் மிகப் பிந்தியே கேட்டது என்பது வியப்புக்குரியது.

1756இல் எடிஸ்டன் பாறையில் வெளிச்சவீடு அமைக்கப் புகுந்த ஆங்கிலப் பொறியியலாளர் ஜோன் ஸ்மீற்றன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டெடுத்த சுண்ணமே நீருக்கடியிலும் இறுகும் என்று கண்டார். 1824இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் யோசேப் அஸ்ப்டின் 'போட்லண்ட் சீமெந்து' எனத் தாம் பெயரிட்ட சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1867இல் இரும்புக் கம்பி வலையைச் சீமெந்துக்குள் வைத்துப் பூந்தொட்டி செய்து காப்புரிமை பெற்ற யோசேப் மொனியே, பிரெஞ்சு தேசத்துத் தோட்டக்காரர். பேரறிஞர் மாத்திரமே உலகை மாற்றினர் என்று எழுதப்படும் வரலாறுகளுக்கு இவ்விரு பெயர்களும் தக்க மறுமொழியாகும்.

ஆயின், மொனியேயின் கம்பியோடுதான் நம் கதையின் சிக்கலும் உள்ளே புகுந்தது. உரோமாபுரியில் ஏறத்தாழ கி.பி. 125இல் முடிவுற்ற பந்தியன் கோயிலின் கவிகை, 43 மீற்றர் அகலம் உடையது, கொங்கிறீற்றாலேயே ஆனது, இன்றும் நிற்கின்றது. அதனுட் கம்பி இல்லை. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்கள் முருகைக் கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு எழுந்தவை. பழந்தமிழ் நூல்கள் சுதை எனக் கூறும் அச்சாந்திற்குப் பனங்கட்டி நீரும் கடுக்காய் நீரும் சேர்த்துக் குழைத்த கைப்பழக்கம் தமிழர் நாடுகளிற் பரவலாக இருந்தது. அம்மதில்களை 1990இன் முற்றுகை சிதைத்தது, கறள் சிதைக்கவில்லை.

கொங்கிறீற்று அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். இழுவையைத் தாங்கவே உருக்குக் கம்பி. இறுகிய சீமெந்தின் காரத்தன்மை மிகுதியாதலின், கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானாகவே அமைகின்றது. அந்தப் படலம் இருக்கும்வரை கம்பிக்கு அச்சமில்லை. அதனை அழிக்கும் பகைவர் இருவர். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நுண்டுளைகள் வழியே மெல்ல நுழைந்து காரத்தைத் தணிக்கின்றது. உப்பிலுள்ள குளோரைட்டோ காரம் தணியுமுன்னரே படலத்தைத் துளைத்துவிடுகின்றது. அதன்பின் பிடிக்கும் கறள், தான் தின்ற இரும்பைவிட இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை வேண்டி நிற்கும். உள்ளே இடமின்மையால் மேற்பூச்சைப் பிளந்து வெளியே வரும். கடற்கரை ஊர்களில் விட்டங்களின் அடியிற் பழுப்பு நிறக் கோடு முதலிலும், வெடிப்பு அடுத்தும், கம்பியின் எலும்புக்கூடு இறுதியிலும் தோன்றுவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். தமிழகத்தார் துரு என்பர்; நம்மவர் கறள் என்பர். பெயர் வேறுபடினும் பிணி ஒன்றே.

நுண்டுளை எங்கிருந்து வந்தது? மிகையாக ஊற்றிய தண்ணீரிலிருந்து. சீமெந்து இறுகுவதற்கு வேண்டிய நீர், அதன் எடையிற் பாதிக்கும் குறைவே. மிகுதி நீர் உலர்ந்து வெளியேறும்போது தன் வழியை விட்டுச் செல்கின்றது. சிக்காகோவில் ஆய்வு நடத்திய டவ் ஏப்ரம்ஸ் 1918இல் வெளியிட்ட விதி இதன் முதற் பாதியைக் கூறிற்று: சீமெந்துக்கு எதிரே தண்ணீர் கூடக்கூட வலிமை குறையும். பின்னர் நெடுங்காலம் அறிஞர் வலிமையையே அளந்தனர். இருபத்தெட்டாம் நாள் கட்டியை நசுக்கிப் பார்ப்பது எளிது. முப்பதாம் ஆண்டு என்னவாகும் என்று காத்திருப்பது அரிது. நீடித்து நிற்றல் தனியொரு துறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான்.

இத்துறையில் நமக்கு அண்மையிலுள்ள சாலை காரைக்குடியிலே இருக்கின்றது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் நல்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் உலோக அரிப்பைத் தன் முதன்மை ஆய்வுகளுள் ஒன்றாகக் கொண்டது. கம்பிக்குப் பூசும் சீமெந்துப் பல்லுறுப்புப் பூச்சொன்றையும் அங்கே உருவாக்கினர். அந்நிலையத்தாரின் கடற்சோதனைக் களம் மண்டபத்தில் உள்ளது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் புகையிரதப் பாலத்தின் இரும்பை ஆண்டாண்டாகத் தின்ற உப்புக் காற்று வீசும் கரை அது. காங்கேசன்துறைக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரே கடல்தான். அங்கே உலோகங்களைக் காயவைத்து அறிந்த உண்மை இங்கே நம் மேசன்மார் காதுக்கு எட்டவில்லை என்பது கடலின் குற்றமன்று.

குடாநாட்டின் நிலைமை இன்னும் கடியது. வற்றாத ஆறில்லாத இந்நிலத்தில் மழை நீர் சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலேறும். அச்சுண்ணாம்புக் கல்லைத்தான் ஆலைக்கு அகழ்ந்தோம். சீமெந்துக்குக் கல் தந்த படுகையே கலவைக்கு நல்ல நீரும் தரவேண்டியிருக்கின்றது. கரையோரத்துக் கிணற்றின் சவர்த் தண்ணீரும், கழுவாத கடல் மணலும் ஒருங்கே வாளியில் விழுந்தால், கறளின் விதையைக் குழைக்கும்போதே விதைத்தவராவோம்.

போர் 2009இல் முடிந்தபின் இந்திய உதவி வீட்டுத் திட்டம் வந்தது. 50,000 வீடுகள், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலானவை 2012 முதல், வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறையில், ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா உதவியோடு எழுந்தன. ஒப்பந்தகாரரை நீக்கிய அம்முறையை நாம் போற்றுகின்றோம். எனினும் அதன் மறுபக்கமும் உண்டு. மணல் வாங்குவதும் தண்ணீர் பார்ப்பதும் குடும்பத்தின் பொறுப்பாயின. பல வீடுகளில் அக்குடும்பத்தின் தலைமை ஒரு கைம்பெண்ணின் தோளில் இருந்தது. பணமோ கட்டங் கட்டமாக வந்தது. அடுத்த தவணையை எதிர்நோக்கியிருப்பவர்க்குப் பொறுத்திருத்தல் எளிதன்று.

இத்தனைக்கும் வேண்டுவன பெருஞ்செலவுக்குரியன அல்ல. இந்தியக் கொங்கிறீற்று விதித்தொகுதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கடற்கரைச் சூழலிற் கம்பியின்மேல் 45 மில்லிமீற்றர் கனத்திற்குக் கொங்கிறீற்று மூடியிருக்க வேண்டும் என்கின்றது. தண்ணீர், சீமெந்தின் எடையில் 0.45 மடங்கைத் தாண்டலாகாது. 50 கிலோப் பைக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, இருபத்திரண்டரை லீற்றர். போட்டபின் ஏழு நாளேனும் ஈரமாய் வைத்திருத்தல் வேண்டும். கம்பியின்கீழ் வைக்கும் சிறு சீமெந்துக் கட்டைக்குச் சல்லிக் காசே செலவு. நனைந்த சாக்குக்கு அதுவும் இல்லை.

ஆனால் இறுகிய கலவையைக் கிண்டுவது முதுகை முறிக்கும் வேலை. ஒரு வாளி கூட ஊற்றினால் இலகுவாகும். நாட்கூலிக்கு வந்த மேசன் மாலையிற் போய்விடுவார். நாளை வேறொரு வளவில் அவருக்கு வேலை. ஏழு நாளும் கிணற்றிலிருந்து நீர் சுமந்து சாக்கை நனைப்பதற்கு எந்த மதிப்பீட்டிலும் கூலி எழுதப்படுவதில்லை. அந்த நீரைச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. காங்கேசன்துறைப் பக்கத்து மீள்குடியேறிய ஊர்களில், வைகாசி வெயிலில், நல்ல தண்ணீர்க் கிணறு அவர்கள் வளவிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, அவ்வீட்டின் விட்டம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதில் அதற்கும் பங்குண்டு.